லாடு வீட்டுப் பெரியப்பா

எங்கள் வீட்டுக்கு லாடு வீடு என்று பேர். கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், ரயிலை விட்டு இறங்கி ஆட்டோக்காரரிடம் தெருவின் பேரைச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார். லாடு வீடு என்றால் யோசிக்கவே மாட்டார். எனக்கு அந்தப் பேரைக் கண்டாலே ஆகாது. லாடு என்றால் மாட்டுக்கு அடிக்கிற லாடம்தான் என்று நான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளும் அப்படித்தான் நினைத்தார்கள். "லாடம், உங்க வீட்டுல எனக்கு ரெண்டு ஆணி அடிச்சு வுடுவாங்களா?" என்று காலைத் தூக்கிக் காட்டிய ஒருத்தியின் ஜடையைப் பிடித்து இழுத்துவிட்டு, மதியம் வரை வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறேன். அப்பாவிடம் கேட்டால், "அந்தக் காலத்துல யாராவது லாடம் அடிச்சிருப்பாங்க பாப்பா. அதுவும் வேலதான" என்பார். அப்பா குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாய்லர் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வேலையையும் மட்டமாகப் பேச அவருக்கு வராது.

அந்தப் பட்டப்பேர் எங்களுக்குத் தாத்தா வழியாக வந்தது. தாத்தாவை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். அப்பா அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'பெரியப்பா' என்றுதான் சொல்வார். பெற்ற தகப்பனையா பெரியப்பா என்கிறார் என்று வெளியாள் யாராவது கேட்டால், அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்வாள். "கூட்டுக் குடும்பம். வீட்டுல இருந்த மத்த புள்ளைங்கல்லாம் பெரியப்பான்னு கூப்புட்டுச்சுங்க. இவுங்களும் அதயே புடிச்சிக்கிட்டாங்க." இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. எங்கள் தெருவிலேயே பெற்ற அம்மாவை அண்ணி என்று கூப்பிடுகிற ஒருவர் இருந்தார். அவருக்கே பேரன் பிறந்த பிறகும் அண்ணிதான்.

அப்பா ஆசைப்பட்டு நான் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான். ஓ.டி. கல்லறைத் தோட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கென்று கம்பிக் கிராதி போட்ட ஒரு சதுரம் உண்டு. அதற்குள் தாத்தாவின் காலடியில் இன்னும் ஓர் ஆள் படுக்க இடம் பாக்கி இருந்தது. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் அப்பா போய் கிராதிக்கு வெள்ளைப் பெயின்ட் அடிப்பார். திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றி முடித்ததும் அந்த இடத்தைக் காலால் அளந்து, "இது எனக்கு. மறந்துடாதீங்க" என்பார். "அப்ப நான் எங்க போறதாம்?" என்று அம்மா ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். "நீயும் இங்கயே வா. என்ன, கொஞ்ச வருஷம் கழிச்சு மெதுவா வா" என்பார் அப்பா. நிலம், நகை, பதவி எதையும் கேட்காத மனுஷன், அந்த ஆறடியை மட்டும் வாய்விட்டுக் கேட்டார். அதைத்தான் நான் அவருக்கு இல்லாமல் செய்தேன்.

சுனாமிக்கு அடுத்த மாதங்களில் ஓ.டி.க்கு வெளிநாட்டுக்காரர்கள் நிறையப் பேர் நிவாரண வேலைக்கு வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் கல்லறைத் தோட்டத்தில் இருந்த பழைய கல்வெட்டுகளைப் படம் எடுத்து இன்டர்நெட்டில் போட்டிருக்கிறாள். அது எங்களுக்குத் தெரியாது. 2006இல் அயர்லாந்திலிருந்து பங்குச்சாமியாருக்கு ஒரு கடிதம் வந்தது. நான் அப்போது சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், தினமும் ரயிலில் போய் வருவேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் என்னைக் கூப்பிட்டு, "இது உங்க குடும்பக் கல்லறையப் பத்தி இருக்கும்மா, நீயே படிச்சிப் பாரு" என்று கொடுத்தார்.

எழுதியவர் ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியை. அந்த ஊர்ப் பிரபு குடும்பம் ஒன்றின் பட்டத்தைப் பற்றி வரலாறு எழுதிக்கொண்டிருந்தார். பட்டத்தை வைத்திருந்த கடைசி மனிதர் பிள்ளையில்லாமல் இறந்துவிட்டாராம். அந்தக் குடும்பத்தின் ஒரு கிளையில் வந்தவர் கம்பெனிப் பட்டாளத்தில் பீரங்கிக்காரராக இருந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு கடலூரில் தங்கி, இங்கேயே இறந்திருக்கிறார். அவருடைய கல்லறைதான் படத்தில் இருப்பது. ஊர்க்காரர்கள் அவரை விளையாட்டாக லார்டு என்று கூப்பிட்டதாக அவர் வீட்டுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் இருக்கிறது. அவருக்கு வாரிசுகள் அங்கே இருக்கிறார்களா?

நான் கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். லாடு இல்லை, லார்டு. நூறு நூற்றைம்பது வருஷமாக ஓ.டி. நாக்கு அதைத் தேய்த்துத் தேய்த்து மாட்டுக் குளம்பில் கொண்டுபோய் அடித்திருக்கிறது. பட்டப்பேர் என்று நான் வெறுத்தது நிஜமாகவே ஒரு பட்டத்தின் பேர். ஒருத்தியின் ஜடையை இழுத்ததற்கு அன்றுதான் வெட்கமாக இருந்தது. அவளுக்கு ஆள் அனுப்பிச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன்.

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னபோது அப்பா குக்கர் கைப்பிடிக்குத் திருகாணி மாட்டிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "சொத்து எதுவும் உண்டா?" என்றார்.

"ஒண்ணும் இல்லப்பா. கோட்டையையே வித்துட்டாங்களாம். இப்ப அதுக்குக் கூரை கூட இல்லியாம்."

"அப்ப வெறும் பேருதானா?"

"வெறும் பேருதான்."

"பேருதான் நம்மகிட்ட ஏற்கெனவே இருக்குதே. பதில் கிதில் எழுதிக்கிட்டு இருக்காத பாப்பா. வுட்டுடு."

திருகாணியை எடுத்தார். அது கை நழுவி உருண்டு போனது. பாய்லரில் முப்பது வருஷம் வேலை பார்த்த கை, ஒரு திருகாணியைத் தவற விட்டது. எனக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை. அடக்கமான மனுஷன், விளம்பரம் வேண்டாம் என்று நினைக்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். என் புத்தியும் அவ்வளவுதான்.

மறுநாளே சிதம்பரத்தில் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். சித்தப்பா என்றால் தாத்தாவுடைய தம்பியின் மகன். அப்பாவும் அவரும் ஓ.டி. வீட்டில் ஒன்றாக வளர்ந்தவர்கள். பேங்கில் வேலை பார்த்து ரிடையர் ஆகி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வீடு கட்டியிருந்தார். வாரத்தில் மூன்று நாள் எனக்கு மதியச் சாப்பாடு அவர் வீட்டில்தான். விஷயத்தைக் கேட்டதும் அவர் எழுந்து நின்று எனக்குக் கும்பிடு போட்டார். "அண்ணன் லார்டு, நீ லேடி. இனிமே உனக்கு ரசத்த வெள்ளிக் கிண்ணத்துலதான் ஊத்தணும்" என்றார். அவர் மகன் இன்ஜினியரிங் முடிக்கப் போகிற சமயம். "இந்தப் பேரு இருந்தா லண்டன்ல எந்தக் கதவும் தொறக்கும்" என்று அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். பட்டம் மூத்த கிளையான அண்ணனுக்குத்தான் போகும் என்பது தெரிந்தும் அவருக்கு அவ்வளவு குஷி. அந்த ஒரு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த மாதிரி நான் யாருடனும் சிரித்ததில்லை. அதனால்தான் இன்றைக்கும் கோபம் ஜாஸ்தி.

ஆபீஸ் விட்டதும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் அவரும் நானும் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து அயர்லாந்து அம்மாளின் இமெயில்களைப் படிப்போம். அந்த அம்மாள் பட்டத்தின் கதையைத் தவணை தவணையாக எழுதுவார். முதல் ஆள், இங்கிலாந்து ராஜா ஒருவர் சண்டைக்குப் போனபோது குதிரைகளும் ஆட்களும் கொடுத்திருக்கிறார். அதற்குக் கூலியாகக் கிடைத்ததுதான் பட்டம். "மாட்டு லாடம் இல்ல, குதிர லாடம்" என்றார் சித்தப்பா. அந்த முதல் ஆளின் பேரன், இரண்டு ராஜாக்கள் முட்டிக்கொண்டபோது தோற்கப் போகிற ராஜாவின் பக்கம் போய் நின்று, பட்டத்தையும் நிலத்தையும் பறிகொடுத்தார். அதற்கடுத்து இரண்டு அண்ணன் தம்பிகள். கத்தோலிக்கர்கள் நிலம் வைத்திருக்கக் கூடாது என்று அங்கே சட்டம் வந்ததாம். அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜாவுடைய சபையில் போய் உட்கார்ந்தார். பட்டம் திரும்ப வந்தது, நிலத்தில் பாதியும் வந்தது. தம்பி பழைய கோயிலிலேயே இருந்துகொண்டார். அண்ணன் சாப்பிடுகிற மேசையில் அதற்குப் பிறகு தம்பி உட்காரவே இல்லையாம். அந்தத் தம்பியின் பேரன்தான் வயிற்றுப்பாட்டுக்குப் பட்டாளத்தில் சேர்ந்து கடலூர் வரைக்கும் வந்தவர்.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டம் என்றால் ஏதோ வீரத்துக்குக் கொடுத்தது என்று நினைத்திருந்தேன். கூடப்பிறந்தவனை வெளியே தள்ளி வாங்கிய பேராக இருக்கிறதே என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "அதெல்லாம் அந்தக் காலம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

பட்டத்தின் விதியை அந்த அம்மாள் தனியாக எழுதியிருந்தார். முதல் ராஜா கொடுத்த பத்திரத்திலேயே அது இருக்கிறதாம். பட்டம் மூத்த மகனுக்குப் போகும், அவன் இல்லாவிட்டால் அடுத்த கிளை, பெண்ணுக்குக் கிடையாது. வாரிசு, தகப்பனுடைய உடம்பிலிருந்து பிறந்த ஆணாக இருக்க வேண்டும். முறையான கல்யாணத்தில் பிறந்திருக்க வேண்டும். சுவீகாரம் செல்லாது. பெண்ணுக்குக் கிடையாது என்ற இடத்தில் நான் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன். சித்தப்பா உடம்பு என்ற இடத்தில் சிரித்தார். "உடம்புல பொறக்காம பின்ன எங்க பொறப்பாங்க?" என்றார்.

தகப்பன், மகன், தகப்பன், மகன் என்று ஒரு கண்ணி விடாமல் ஆதாரம் வேண்டும். நான் லீவு நாட்களில் கோயில் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டிப் புரட்டித் தாத்தா வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். பீரங்கிக்காரருக்கும் ஓ.டி.யைச் சேர்ந்த தமிழ்ப் பெண்ணுக்கும் நடந்த கல்யாணப் பதிவு மட்டும் இங்கே கிடைக்கவில்லை. அதை லண்டனில் தேடுவதாக அந்த அம்மாள் எழுதினார். கடைசியாக அப்பாவுடைய ஞானஸ்நானம். அதுவும் ஓ.டி. பதிவேட்டில் இல்லை. தாத்தாவுடைய மனைவிக்குப் பிறந்த வீடு காட்டுமன்னார்கோயில் பக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே நடக்கும், அங்கே கொடுத்திருப்பார்கள் என்று எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். அயர்லாந்துக்காரருக்கு ஒரு சுவாரசியம் சொல்லலாமே என்று, எங்கள் வீட்டில் அப்பா தன் தகப்பனாரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார் என்று சேர்த்துவிட்டேன்.

நாலு நாளில் பதில் வந்தது. கதைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெரியப்பா என்ற சொல்லுக்குச் சரியான பொருள் என்ன, அதை யாரையெல்லாம் கூப்பிடலாம் என்று ஒரே கேள்வி.

சித்தப்பா பக்கத்தில் கடலை கொறித்துக்கொண்டிருந்தார். நான் சந்தோஷமாக டைப் அடித்தேன். பெரியப்பா என்றால் தகப்பனுடைய அண்ணன் என்று அடித்தேன். வாத்தியார் வேலை என்றால் முழுதாகச் செய்ய வேண்டுமே. அல்லது, தாயுடைய அக்காவின் கணவர் என்றும் அடித்தேன். அடித்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. தாத்தாதான் வீட்டுக்கு மூத்தவர், அவருக்கு ஒரே தம்பி. அப்பா அந்தத் தம்பியின் மகன் என்றால் சித்தப்பாவுக்குக் கூடப்பிறந்த அண்ணனாக இருக்க வேண்டும். சித்தப்பாவுக்கு அப்படிக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. மிச்சம் இருப்பது இரண்டாவது பொருள் ஒன்றுதான். தாத்தாவின் மனைவிக்கு ஒரு தங்கை இருந்து, சின்ன வயதிலேயே செத்துப் போனாள் என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன்.

சித்தப்பா கடலை தின்பதை நிறுத்தியிருந்தார். அவரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயதில் அப்பா ஏழெட்டு வருஷம் மூப்பு, அவர் பிறக்கும்போதே அப்பா அந்த வீட்டில் இருந்தவர். அவருக்கும் அந்த நிமிஷம் வரை தெரியாது என்பதை நான் முகத்தைப் பார்த்தே நம்புகிறேன். "அனுப்பிடு. ரயிலுக்கு நேரமாவுது" என்றார். நானும் மந்திரித்து விட்டவள் மாதிரி அனுப்பிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் விரலை நானே முறிக்கலாம் போலிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை வீட்டில் சொல்லாமல் சிதம்பரத்திலிருந்து டவுன் பஸ் பிடித்துக் காட்டுமன்னார்கோயில் போனேன். அங்கிருந்து இன்னும் உள்ளே, நெல்வயலுக்கு நடுவில் சின்னக் கோயில். விஷயத்தைச் சொன்னதும் அங்கிருந்த உபதேசியார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "முந்தாநாள்தாம்மா ஒரு ஐயா சிதம்பரத்துலருந்து வந்து இதே பக்கத்த ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டுப் போனாரு. பேங்க்ல இருந்தவராம்" என்றார்.

பதிவேட்டை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினேன். அந்தப் பக்கத்தில் அப்பாவுடைய பேர் இருந்தது. தகப்பன் பேர் நான் கேள்விப்படாத பேர், தொழில் ரைஸ்மில் கூலி. தாயின் பேர், அந்தச் செத்துப்போன தங்கையின் பேர். அதற்குக் கீழே ஞானத்தகப்பன், அதாவது ஞானஸ்நானத்தின்போது பிள்ளைக்குச் சாட்சியாக நின்றவர், என்ற இடத்தில், கடலூர் என்று ஊர் போட்டு, தாத்தாவின் பேர் இருந்தது. உபதேசியார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

திங்கட்கிழமை சித்தப்பாவிடம் நேராகவே கேட்டேன். ஜெராக்ஸை ஏற்கெனவே அயர்லாந்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். "உண்மையச் சொல்றதுல என்ன தப்பு? பெரியப்பான்னு அவங்களுக்கு எழுதுனது நீதான?" என்றார். அண்ணன் இல்லை என்றால் அடுத்த கிளை அவர்தான், அவருக்குப் பின் அவர் மகன். எனக்குத் தட்டில் சோறு போட்டிருந்தது. சாப்பிடாமல் எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் சாப்பிடவில்லை.

அப்பாவிடம் எதையும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சித்தப்பா என்னைக் காத்திருக்க விடவில்லை. அந்த வருஷம் கல்லறைத் திருநாளன்று கிராதிக்குப் பக்கத்தில், அப்பா மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கும்போது வந்தார். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. லண்டன் வக்கீல் எல்லாத்தையும் பாப்பாராம். குடும்பக் கல்லறைன்னா ரத்த வாரிசுங்கதான் இருக்கணும். இல்லன்னா கேள்வி வரும். நான் பங்குச்சாமிக்கும் எழுதிக் குடுத்துட்டேன்" என்றார். அப்பா எரிகிற தீக்குச்சியை விரல் சுடுகிற வரை பிடித்திருந்தார். பிறகு, "சரிடா தம்பி" என்றார். காலால் அளந்து காட்டாமல் வீட்டுக்கு வந்த முதல் கல்லறைத் திருநாள் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. கல்யாணத்துக்கு முந்தியே அப்பா அவளிடம் சொல்லிவிட்டாராம். முப்பது வருஷமாகக் கூட்டுக் குடும்பக் கதையைச் சொல்லி என்னையும் ஊரையும் சமாளித்தவள் அவள்தான். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எனக்கு மூணு வயசு பாப்பா. ஒரே வாரத்துல காய்ச்சல்ல ரெண்டு பேரும் போயிட்டாங்க. பெரியப்பா வந்து தூக்கிட்டு வந்தாரு. ஸ்கூல்ல சேக்கும்போது தகப்பன் பேருல அவர் பேரத்தான் குடுத்தாரு. அதனால நான் ஒருநாள் அவர அப்பான்னு கூப்புட்டேன். வேணாம்டான்னாரு. ஒங்கப்பன்னு ஒருத்தன் இருந்தான், என் சகல, நல்லவன். அந்தப் பேரு அவனுக்கு. எடுத்துக்கறதுக்கு எனக்கு மனசு வரல. நான் பெரியப்பாவே இருந்துட்டுப் போறேன்னாரு."

சொல்லிவிட்டு என் தலையைத் தொட்டார். "நான் யாருகிட்டயும் பொய் சொல்லல. பெரியப்பான்னுதான் கடைசி வரைக்கும் கூப்புட்டேன். கேட்டவங்கதான் அவங்க இஷ்டத்துக்குப் புரிஞ்சிக்கிட்டாங்க."

"எடம் போச்சேப்பா" என்றேன்.

"போவட்டும்" என்றார். போகட்டும் என்று அவர் நினைக்கவில்லை. அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் திருநாளுக்கு முந்தின வாரம் பெயின்ட் டப்பாவோடு போய்க் கிராதிக்கு வெளிப்புறம் மட்டும் அடித்துவிட்டு வந்தார். உள்ளே கால் வைக்கவில்லை. உள்புறம் துருப்பிடித்துக்கொண்டு வந்தது.

2009இல் அயர்லாந்து அம்மாளிடமிருந்து எனக்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்து ஓர் இமெயில் வந்தது. லண்டனில் அந்தப் பழைய கல்யாணப் பதிவு கிடைத்துவிட்டது. பீரங்கிக்காரர் அந்தத் தமிழ்ப் பெண்ணை முறையாகக் கோயிலில்தான் கல்யாணம் செய்திருக்கிறார். ஆனால் அவர்களுடைய ஒரே மகன் ஞானஸ்நானம் பெற்றது அதற்கு முந்தின வருஷம். கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்குப் பட்டம் போகாது; பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டாலும் போகாது. ஆகவே கடலூர் கிளை முழுவதும் விலக்கப்படுகிறது. வேறு கிளையும் இல்லாததால் பட்டம் இத்தோடு முடிந்துவிட்டது. தன் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் கடலூருக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருப்பதாகவும், நான் செய்த உதவிக்கு நன்றி என்றும் எழுதியிருந்தார்.

நான் அதை மூன்று தடவை படித்தேன். ரத்த வாரிசு, ரத்த வாரிசு என்று சித்தப்பா குதித்த ரத்தம் முதல் கண்ணியிலேயே செல்லாமல் போயிருக்கிறது. எங்களில் ஒருவர்கூட எந்த நாளிலும் அந்தப் பட்டத்துக்கு வாரிசாக இருந்ததில்லை. இதற்காகவா அப்பாவைக் கிராதிக்கு வெளியே நிறுத்தினோம் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க நெஞ்சு எரிந்தது. சித்தப்பா போனும் செய்யவில்லை, ஓ.டி. பக்கம் வரவும் இல்லை. பங்குச்சாமிக்கு எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் இல்லை. போய்க் கேள் என்று அம்மா சொன்னாள். நான் கேட்க மாட்டேன் என்றேன். அப்பா கேட்கக் கூடாது என்றார்.

2011 முடியப் போகிற சமயம் 'தானே' புயல் அடித்தது. கடலூரில் நிற்கிற மரம் என்று ஒன்றைத் தேட வேண்டியிருந்தது. கரன்ட் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. நாலாவது நாள் அப்பா வீட்டில் இல்லை. அவருக்கு அப்போது மூச்சிரைப்பு அதிகமாகி, தெருமுனைக்கு நடந்தாலே உட்கார வேண்டியிருந்தது. எங்கே போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். தூக்குவாளியில் கஞ்சியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன்.

பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று எங்கள் சதுரத்தின் மேலேயே விழுந்து கிராதியை நசுக்கியிருந்தது. தாத்தாவின் சிலுவை இரண்டாக உடைந்து கிடந்தது. மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிற பெரிய ரம்பம். இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் சித்தப்பா. சித்தப்பா எப்படி வந்தார், யார் சொல்லி வந்தார், எதுவும் எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு மூச்சு வாங்கும்போது சித்தப்பா இழுப்பதை நிறுத்துவார், அப்பா தலையை ஆட்டியதும் மறுபடி இழுப்பார். நான் கஞ்சியை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் பாதி குடித்துவிட்டுத் தூக்குவாளியை எதிர்ப்பக்கம் நீட்டினார். சித்தப்பா வாங்கிக் குடித்தார். எனக்குப் பிடிக்கவில்லை. காலி வாளியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். காலையில் காபி கேட்டார், அம்மா கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. அன்று மதியம் கல்லறைத் தோட்டத்துப் பக்கத்து அறையில் உபதேசியார் அடக்கப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அவர் எங்கள் பங்குக்குப் புதிது. பொதுக் கல்லறை வரிசையில் ஓர் இடம் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டு போயிருந்தேன். எனக்கு முன்னாலேயே சித்தப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார். மேசை மேல் அவர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருந்தது. குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்ய ஆட்சேபணை இல்லை என்று இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"அப்பாவோட தகப்பனார் பேரு சொல்லும்மா" என்றார் உபதேசியார்.

ரேஷன் கார்டில், பள்ளிச் சான்றிதழில், பென்ஷன் புத்தகத்தில் எல்லாம் தாத்தாவின் பேர்தான். அதைச் சொன்னால் ஒரு கேள்வியும் வராது, இடம் உறுதி. வேறு பேரைச் சொன்னால் கைக்கு வந்தது மறுபடி போகலாம். ஆனால் இது, ஆயுசு முழுக்க ஒரே ஒரு சொல்லை மாற்றிச் சொல்லாமல் வாழ்ந்த மனுஷனைப் பற்றிக் கடைசியாக எழுதுகிற எழுத்து. காட்டுமன்னார்கோயில் பதிவேட்டில் பார்த்த அந்த ரைஸ்மில் கூலியின் பேரைச் சொன்னேன்.

உபதேசியார் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். "இது லாடு வீட்டுக் கல்லறையாச்சே. இந்தப் பேரு அதுல இல்லியே. ஐயா, இறந்தவரு உங்களுக்கு என்ன ஆவணும்?" என்று சித்தப்பாவிடம் கேட்டார்.

ஜெராக்ஸ் எடுத்த கை அது. எதிர்காலத்தில் கேள்வி வரும் என்று கல்லறையிலேயே சொன்ன வாய் அது.

"பெரியப்பா வீட்டு அண்ணன்" என்றார் சித்தப்பா. "எழுதுங்க."

உபதேசியார் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. யாருக்கு யார் எந்த வழியில் பெரியப்பா என்று அயர்லாந்தில் கேட்பார்கள். இங்கே அதைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. அவர் தலையாட்டிவிட்டு எழுதினார். காலையிலிருந்து வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது, நிற்கவே இல்லை.

குழி வெட்டுகிறவர் மண்வெட்டியோடு வாசலில் வந்து நின்று, உள்ளே தலைமாட்டிலா காலடியிலா என்று கேட்டார். காலடியில் என்று நானும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் சொன்னோம்.